ஆணி ஊறிய தண்ணீர்

பாட்டில் பைக்குள்ளேயே கிடக்கட்டும், வெளியே எடுத்தால்தானே பேச்சு வரும் என்று, தவமணி பையைக் கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே கம்பியில் ரத்தப்பை தொங்கியது. சொட்டு, சொட்டு. குழாய் வழியாக இறங்கி மகள் தாரணியின் இடது கைக்குள் போய்க்கொண்டிருந்தது. பத்தரைக்கு ஆரம்பித்தது, இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். பதினாறு வயதுப் பெண், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். தூக்கமெல்லாம் இல்லை, அம்மா முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எதிர்க் கட்டிலில் சஷ்மிதா. ஒன்பது வயது, பார்த்தால் ஆறுதான் சொல்லலாம். கட்டில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு அதன் அம்மா அம்சவேணி. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் கண் தவமணியின் இந்தப் பாட்டில் பை மேலேயே இருக்கிறது. தவமணி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே என்ன பெரிதாக இருக்கிறது, சைக்கிள் ஸ்டாண்டும் ஒரு புங்க மரமும். அதைப் போய் அப்படிப் பார்க்கிறாளாம். சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று வாரம். அந்தத் தண்ணி ஒன்றுக்கும் உதவாது அம்சா. என் மகளுக்கு இரும்பு இறங்கினது அதனால் இல்லை. நீ நிறுத்தின மாத்திரையை இன்றைக்கே திரும்ப ஆரம்பி. மூன்றே வாக்கியம். ஆறு நாளாக வாய்க்குள் போட்டு உருட்டுகிறாள், வெளியே வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். விஷயம் தெரிந்த வியாழக்கிழமை சாயங்காலமே சொல்லியிருக்கலாம். மறுநாள் வெள்ளிக்கிழமை அம்சவேணியே கூப்பிட்டாள். "அக்கா, பொடி தீந்துபோச்சு, புதன்கிழம வரும்போது மறக்காம அரைச்சு எடுத்துக்கினு வா" என்றாள். "சரிம்மா" என்றாள் இந்தப் பாவி. சரிம்மா! சொன்னதோடு விட்டாளா? நேற்று உட்கார்ந்து அரைத்தாள். எல்லாம் தெரிந்த பிறகு, அதே மாதுளைத் தோல், அதே கொய்யா இலை, அதே மிக்சி. கை அதுபாட்டுக்கு அரைத்தது. காலையில் கொதிக்க வைத்து வடிகட்டிப் பாட்டிலிலும் ஊற்றிக்கொண்டாள். என்ன ஜென்மம் இது.

இரும்பு. இந்த வார்டுக்கு வருகிறவர்கள் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வந்துபோகிற வார்த்தை. புதன்கிழமை என்றால் இங்கே ஆறு கட்டிலும் தலசீமியா பிள்ளைகளுக்கு. உடம்பு தானாக நல்ல ரத்தம் ஊறவிடாது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் பிள்ளை இல்லை. ஏற்றினால்? ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் இரும்பு இருக்கிறது. உள்ளே போன இரும்பு வெளியே போக உடம்பில் வழி கிடையாது. கல்லீரலில் போய் உட்காரும், இதயத்தில் உட்காரும், பிள்ளையை வளரவிடாது, பெண் பிள்ளை பெரியமனுஷி ஆவதைத் தள்ளிப்போடும், முகத்தைக் கறுக்கடிக்கும். காப்பாற்றுகிறதே உள்ளே இருந்து அரிக்கும், எந்தச் சாமி யோசித்துச் செய்த ஏற்பாடோ. அந்த இரும்பை இறக்கத்தான் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு கலக்கின மாதிரி வெள்ளையாக. குடித்தால் குமட்டும், சில பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். மாத்திரையாவது பிறகு வந்தது. அதற்கு முன்னால் அவள் செய்த காரியம் இருக்கிறதே. ஒன்றரை வயதில் தாரணி வெளுத்துப்போய்ச் சோர்ந்து கிடந்தபோது, ரத்தம் கம்மி என்றார்கள். ரத்தம் கம்மி என்று காதில் விழுந்தால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? முருங்கைக் கீரையை அவித்துச் சாறு பிழிந்து கொடுத்தாள். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து மசித்துக் கொடுத்தாள். இரும்பு வடச்சட்டியில் சமைத்தால் ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்ல, பாலக்கோடு சந்தையில் தேடிக் கனமான சட்டியாகப் பார்த்து வாங்கினாள். டானிக், அதுவும் இரும்புச்சத்து டானிக். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். மூக்கைப் பிடித்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும், திறந்தது, ஊற்றினாள். அந்தக் குட்டி மூக்கின் சூடு இன்னும் அவள் இரண்டு விரலில் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்துப் பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது இரும்புக் குறைச்சல் இல்லம்மா, வேற. இனிமே இரும்பு ஏதும் குடுக்காதீங்க" என்றபோது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது வடச்சட்டிதான். வீட்டுக்கு வந்து அதைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வீசினாள். "சட்டி என்னடி பண்ணுச்சு ஒன்ன" என்று மாமா அதை எடுத்து வந்து திரும்ப அடுப்பங்கரையில் வைத்தார். மாமா என்றால் அவள் புருஷன், அவள் அம்மாவுடைய கூடப்பிறந்த தம்பி, கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்த நோய் பாதிப் பாதி இருக்கு, ரெண்டு பாதியும் புள்ளைகிட்ட சேந்துடுச்சு என்று டாக்டர் விளக்கியபோதும் அப்படித்தான், "எங்க வம்சத்துல யாருக்கும் இந்த மாதிரி இல்லீங்க" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. ஒரே வம்சம் மாமா, உங்களுதும் என்னுதும் ஒண்ணுதான், அதுதானே கோளாறே. அதையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கு வெளியே வராத வாக்கியங்கள் நிறைய.

ஆனால் ஆணி விஷயத்தை மட்டும் வாய் ஓயாமல் சொன்னாள், அதற்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ பேச்சு. போன ஆடி மாதம் தாரணியின் ஃபெரிட்டின் ஐயாயிரத்தைத் தொட்டது. ஃபெரிட்டின் என்றால் உடம்பில் இரும்பு எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை, ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஐயாயிரம் என்றதும் அவளுக்குக் காதடைத்துவிட்டது. அன்றைக்கு ரெஜினா சிஸ்டர் ஆறுதலாகச் சொன்னது இவ்வளவுதான்: "சாப்பாட்டோட கறுப்பு டீ குடுங்கம்மா, சாப்பாட்டுல இருக்கற இரும்பு உடம்புல சேராம கொஞ்சம் தடுக்கும். ஆனா ஏற்கெனவே உள்ள சேந்தது வெளிய வரணும்னா மாத்திரைதான், அத விட்ராதீங்க." தவமணியின் காது முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது, இரண்டாவது பாதி வார்டு சத்தத்தோடு போய்விட்டது. டீ துவர்ப்பு. துவர்ப்புதான் இரும்புக்கு எதிரி என்றால் மாதுளைத் தோல் அதைவிடத் துவர்ப்பு, கொய்யாக் கொழுந்து அதைவிட. செல்போனில் ஒருத்தன் மாடித் தோட்டத்தில் நின்றுகொண்டு, எல்லா மருந்தும் செடியிலேயே இருக்கு என்று கோதுமைப்புல்லை ஆட்டி ஆட்டிக் காட்டினான், அதையும் சேர்த்தாள். ஒரு நாள் வேறு பாத்திரம் கைக்கு அகப்படாமல் அதே வடச்சட்டியில் கொதிக்கவிட்டாள். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் மைக் கறுப்பு. பழுப்பாக இருக்க வேண்டியது, கறுப்பு! அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றாள். இரும்பை இழுக்குதுடீ இது. பதினாலு வருஷமாக அவளை முறைத்துக்கொண்டிருந்த சட்டி அன்றைக்குத்தான் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னது. அடுத்த புதன்கிழமை தெளிந்த சாற்றை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, ரத்தப்பையை மாட்டின உடனே பாட்டிலுக்குள் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஜன்னலில் வைத்தாள். பை காலியாவதற்குள் பாட்டில் கறுத்துவிட்டது. ஆறு கட்டிலின் அம்மாக்களும் சுற்றி நின்றார்கள். "ஆணியிலேருந்தே இழுக்குதுன்னா புள்ளை வயித்துலேருந்து இழுக்காதா?" என்று கேட்டாள். யாரால் மறுத்துப் பேச முடியும் அதை? ரெஜினா சிஸ்டர் மட்டும், "ஆணி வேற, ஈரல் வேறம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டார்கள். மூன்றாம் மாதம் தாரணிக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வந்தது. மார்கழியில் இரண்டாயிரத்து அறுநூறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆணியக்கா என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. கேலிப் பெயர்தான், ஆனாலும் அதைக் கேட்கும்போது உள்ளே ஜில்லென்று இருந்தது, பொய் சொல்வானேன். பெற்ற பிள்ளைக்கு மூக்கைப் பிடித்து விஷம் ஊற்றியவள் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தவளுக்கு, முதல் தடவையாகத் தான் ஒரு அம்மா என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் மாத்திரையைக் கண்காணிக்கிறதைக்கூட விட்டாள். காலையில் இலைத் தண்ணி டம்ளரை நீட்டுவாள், தாரணி வாங்கிக்கொண்டு குளிக்கப் போவாள், காலி டம்ளர் திரும்பி வரும். காலி டம்ளரைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை பாத்ரூம் கழுவ உட்கார்ந்தாள். தண்ணீர் போகிற ஓட்டையை மூடியிருக்கிற இரும்புச் சல்லடை எப்போதும் துருவேறிச் செம்பழுப்பாக இருக்கும், அது கறுத்துக் கிடந்தது. சுற்றிச் சிமெண்டிலும் நீலமும் கறுப்புமாக ஒரு திட்டு. பிரஷ்ஷால் தேய்த்தாள், போகவில்லை. எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்தாள், கொஞ்சம் வெளுத்தது. தேய்க்கத் தேய்க்கக் கை மெதுவாகி நின்றுவிட்டது. அது எந்தக் கறுப்பு என்று அவளைவிட யாருக்குத் தெரியும், ஆறு கட்டிலுக்கும் வித்தை காட்டினவளாச்சே. குனிந்து மோந்துவேறு பார்த்தாள், த்தூ, பாத்ரூம் ஓட்டையை மோந்து பார்த்தாள், கொய்யா இலை வாசம். பள்ளிக்கூடம் விட்டு வந்த தாரணியைப் பையைக்கூட இறக்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். அவள் மறுக்கவில்லை. "ஆமாம்மா, எட்டு மாசமா அதுலதான் ஊத்தறேன்" என்றாள், என்னவோ பேனாவைத் தொலைத்துவிட்ட மாதிரி சாதாரணமாக. "மாத்திரைய ஒழுங்கா குடிக்கறேன்மா. ரெண்டையும் குடிச்சா வாந்தி வருது. ஏதாச்சும் ஒண்ணுதான் உள்ள நிக்கும்." அப்படியென்றால் ஆடிக்கு முன்னால்? "முன்ன மாத்திரைத் தண்ணியக் கொட்டிக்கினு இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்பரசி அக்கா போனப்பறம்தான் பயம் வந்துச்சு" என்றாள். அன்பரசி, மூன்றாம் கட்டில், இருபத்திரண்டு வயது, எல்லாப் பிள்ளைகளுக்கும் மருதாணி வைத்துவிடும், போன ஆனியில் ஒரு புதன்கிழமை வரவில்லை. மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததாம், எழுந்திருக்கவில்லை. இதயத்தில் இரும்பு. அதைப் பெரியவர்கள் ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள், பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாதது எது? "ஏன்டி எங்கிட்டச் சொல்லல" என்று தவமணி கத்தினாள், கத்தினாள் என்றால் அடுத்த வீட்டில் டிவியைக் குறைக்கிற அளவுக்கு. தாரணி அவளை நிமிர்ந்து பார்த்து, "நீ சந்தோஷமா இருந்தம்மா" என்றாள். சல்லடைக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் நெஞ்சில் வந்தது சந்தோஷம்தான், என் பிள்ளை பிழைத்துக்கொண்டது, தன் புத்தியாலேயே பிழைத்துக்கொண்டது. அடுத்த மூச்சில் அம்சவேணி வந்தாள்.

என்ன சொன்னோம் அவளிடம்? இந்த இடத்தில்தான் ஆறு நாளாக நினைப்பு போய்ச் சிக்கிக்கொண்டு நிற்கிறது. கார்த்திகை மாதம், இதே ஜன்னல் ஓரம். "மாத்திரை குடிச்சா இதுக்கு நாலு தடவ வயித்தால போகுதுக்கா, பள்ளிக்கூடத்துல அசிங்கமாப் போச்சுன்னு அழுவுது. உன் தண்ணியே இழுக்குதே, மாத்திரைய நிறுத்திப் பாக்கட்டுமா?" என்று அம்சவேணி கேட்டாள். டாக்டரைக் கேளு என்றுதானே சொன்னோம். ஆமாம், டாக்டரைக் கேளு என்றுதான். சொட்டு, சொட்டு. மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச் என்கிறது. இல்லை, டாக்டர் பேச்சே வரவில்லை அன்றைக்கு. எனக்கென்ன தெரியும், உன் இஷ்டம் என்றோம். உன் இஷ்டம் என்பது தப்பா? அவளும் பிள்ளை பெற்றவள்தானே, அவளுக்கும் மூளை இருக்கிறதே. பெண்ணாகரம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள், புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை, யோசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அதனால்தானே இங்கே கேட்டாள். கேட்டவளிடம் போய் உன் இஷ்டமா? அதுவும் இல்லை. அப்படிக்கூடச் சொல்லவில்லை. தவமணிக்கு நெற்றியில் வேர்த்தது. டெட்டால் வாசனையும் யாரோ கொண்டுவந்த எலுமிச்சைச் சாத வாசனையும் சேர்ந்து அடித்தது. சொன்னது அவள் குரலிலேயே காதில் கேட்கிறது, எத்தனை தடவை பொத்தினாலும் கேட்கிறது. "மாத்திரை என்னத்தக் கிழிச்சுது இத்தன வருஷமா? என் புள்ளையப் பாரு, கண்ணு முன்னாடி எறங்கியிருக்கு. நிறுத்திப் பாரு, ஒண்ணும் குடி முழுகிடாது." அதுதான் சொன்னது. அதற்கு மேல் அவள் தோளில் ஒரு தட்டு வேறு தட்டினாள், பெரிய இவள் மாதிரி. அன்றைக்கு அம்சவேணி அழுதாள், யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள் அழுகிற அழுகை. நாலு மாதம். நாலு மாதமாக அந்தப் பிள்ளைக்கு ரத்தம் ஏறுகிறது, ஏறின இரும்பு ஒரு துளிகூட வெளியே வரவில்லை. சொல்லிவிடு. இப்போது எழுந்து நாலடி நடந்து போய்ச் சொல்லிவிடு. நாலடிதான். எழுந்தால் தாரணி கண்ணைத் திறப்பாள். எல்லோரும் பார்ப்பார்கள். ஆணியக்கா. கால் மரத்துப்போயிருக்கிறது, பையை இடுக்கி இடுக்கி.

அவள் எழுந்திருக்கவில்லை, அம்சவேணிதான் எழுந்து வந்தாள். "என்னக்கா, ஒடம்பு சரியில்லியா? மொகமே சரியில்ல" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, தலவலி" என்றாள் தவமணி. "நீ உக்காரு, நான் எடுத்துக்கறேன்" என்று அம்சவேணி குனிந்து, அவள் காலுக்கு நடுவிலிருந்து பையை உரிமையோடு உருவி, பாட்டிலை எடுத்தாள். இப்போது கையைப் பிடித்தால் போதும். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை. கை மடியிலேயே கிடந்தது. இன்றைக்கு ஒரு நாள் குடித்தால் என்ன ஆகிவிடும், வெறும் இலைத் தண்ணிதானே, விஷமா, சஷ்மிதாவின் ஃபெரிட்டின் ரிப்போர்ட் எப்படியும் பன்னிரண்டு மணிக்கு வரும், நல்லதாகவே வந்துவிட்டால் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், நல்லதாக வரக் கூடாதா என்ன, சில பிள்ளைகளுக்கு அப்படியும் நடக்கும். நடக்காது. அவளுக்கே தெரியும் நடக்காது. அங்கே அம்சவேணி டம்ளர் நிறைய ஊற்றிவிட்டாள். சஷ்மிதா எழுந்து உட்கார்ந்து, ஊசி குத்தாத கையால் தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டது. யாரும் பிடிக்கவில்லை, தானே பிடித்துக்கொண்டது. அம்மா டம்ளரை வாயில் வைக்க, மடக் மடக்கென்று குடித்தது, நடுவில் ஒரு தடவை உடம்பு குலுங்கியது, நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத் தவமணியைப் பார்த்துக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தது. தவமணி சிரித்தாள். சிரித்தாளே, அந்த வாயைக் கொண்டுபோய் எங்கே கழுவ? தாரணியின் கண் திறந்திருந்தது. எப்போது திறந்தாளோ. இயர்போன் வயர் தலையணையில் கிடந்தது.

பன்னிரண்டேகாலுக்கு டாக்டரம்மா வந்தார், பின்னால் ஃபைலோடு ரெஜினா சிஸ்டர். சின்ன வயது டாக்டர், கோபப்படத் தெரியாதவர், அதனாலேயே அவர் முகம் சுருங்கினால் எல்லோருக்கும் பயமாக இருக்கும். சஷ்மிதாவின் காகிதத்தைப் பார்த்ததும் சுருங்கியது. "ஃபெரிட்டின் ஐயாயிரத்து எண்ணூறு வந்திருக்கேம்மா. நவம்பர்ல மூவாயிரத்து இருநூறுதானே இருந்துச்சு. மாத்திரை குடுக்கறீங்களா இல்லியா?" என்றார். அம்சவேணிக்கு உதடு வெளுத்துவிட்டது. ஐயாயிரத்து எண்ணூறு என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். ஆனாலும் உடனே, "குடுக்கறேங்க டாக்டர், ஒரு நாள் விடாம குடுக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தவமணியை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா, உன்னைக் காட்டிக்குடுக்கல பாத்தியா என்கிற பார்வை. ஐயோ, இந்தப் பெண்ணை என்ன செய்வது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "ஒழுங்கா குடுத்தே இவ்ளோ ஏறியிருக்குன்னா மாத்திரை இவளுக்கு வேலை செய்யலன்னு அர்த்தம். வயித்துல ஊசி குத்தி பம்ப் மாட்டி இரும்ப எறக்கற மருந்த ஏத்தணும், வாரத்துல அஞ்சு நாள், தெனம் எட்டு மணி நேரம். இதயத்துக்கும் ஒரு ஸ்கேன் எழுதறேன்." பேனாவைத் திறந்தார். ஸ்கேன் எழுதட்டும், அது வேண்டும், அது எப்படியும் வேண்டும். பம்ப்? அந்தச் சுண்டைக்காய் வயிற்றில், குடிக்காத மாத்திரை வேலை செய்யவில்லை என்று, வாரத்தில் ஐந்து நாள் ஊசியா? பேனா காகிதத்தில் இறங்கியது. தவமணி அந்த முனையையே பார்த்தாள். மகள் தன்னையே பார்ப்பதும் கன்னத்தில் உறைத்தது. அவள் சொல்லிவிடுவாள், தாரணி சொல்லிவிடுவாள் என்று ஒரு நிமிஷம், பெற்ற பிள்ளை தனக்குப் பதிலாகப் பேசிவிடட்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள், அந்த அற்பத்தனமும் நடந்தது. தாரணி வாயைத் திறக்கவில்லை. "எழுதாதீங்க டாக்டர்" என்றது ஒரு குரல். கரகரவென்று, வேறு யாருடையதோ போல. எழுந்து நின்றுகொண்டிருந்தது அவள்தான். "இவ மாத்திரையே குடுக்கல. நாலு மாசமா குடுக்கல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அம்சவேணி எழுந்துவிட்டாள். "என்னக்கா பேசற? உன் தண்ணிதான் இழுக்குமே. தாரணிக்கு எறங்குச்சே?" என்றாள், இன்னமும் ஒரு நம்பிக்கையோடு. தவமணிக்கு அதற்குப் பதில் தெரியும், மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அதக் குடிக்கவே இல்ல சித்தி" என்றாள் தாரணி படுத்தபடியே. "பாத்ரூம்ல ஊத்திட்டேன். மாத்திரைதான் குடிச்சேன்." அம்சவேணி அவளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், ஆணி போட்ட பாட்டில் எப்போதோ இருந்த இடத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று தவமணி எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "உனக்கு எப்பக்கா தெரியும் இது?" என்று மட்டும் கேட்டாள். இப்பத்தான் தெரியும் என்று சொல்லிவிடலாம். தாரணி காட்டிக்கொடுக்க மாட்டாள். அந்த ஒரு பொய் இருந்தால் அடுத்த தடவை வரும்போதும் அக்கா என்று கூப்பிடுவாள். "வியாழக்கிழம" என்றாள் தவமணி. அம்சவேணி மனசுக்குள் கிழமையை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "வெள்ளிக்கிழம நான் போன் பண்ணேனேக்கா" என்றாள். பிறகு, இன்னும் மெதுவாக, "இப்ப, உன் கண்ணு முன்னாடிதானே ஊத்திக் குடுத்தேன்" என்றாள். டாக்டரம்மா எழுதினதில் ஒரு வரியை அடித்தார். ரெஜினா சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, போய் அம்சவேணியின் முதுகில் கை வைத்து நின்றார். அக்கா என்கிற வார்த்தை இனி அந்த வாயிலிருந்து வராது, அது போகட்டும், அது போனால் போகிறது. கட்டிலில் சஷ்மிதா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தது. உதட்டு ஓரத்தில் பழுப்புக் கறை இன்னும் காயவில்லை. யாருக்கும் புரியாத ஏதோ ஒன்று அதற்கு மட்டும் புரிந்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது.

"அப்ப இனிமே நான் அந்தத் தண்ணியக் குடிக்க வேணாமா பெரியம்மா?"

தவமணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நான் கீழ கொட்டவே இல்ல பெரியம்மா" என்றது சஷ்மிதா, பெருமையாக. "ஒரு நாள்கூட. ஒரு சொட்டுகூட."